ரொசாலி மாளிகையில் ஆறு நாள்

செப்டம்பர் 9, செவ்வாய். மதியம்

விருத்தாசலத்தில் ஏழரை மணிப் பேருந்து. பாண்டிச்சேரியில் இறங்கும்போது பதினொன்றே கால். ஓட்டல் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் என்னையும் என் ரெக்சின் பையையும் ஒருமுறை பார்த்தார். அங்கே வேலைக்கா என்று கேட்டார். தங்குவதற்கு என்றேன்.

ரொசாலி மாளிகை இருநூறு வருடத்துக்கு முந்தைய கட்டடமாம். அவுரி வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் மனைவி பெயரில் கட்டியது. மஞ்சள் சுவர், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கதவு, நடுவில் முற்றம். வாசலில் ஈரமான குளிர்ந்த துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்து, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

இது ஆதிரையின் ஏற்பாடு. போன மாதம் முப்பத்தொன்றாம் தேதி பணி ஓய்வு பெற்றேன். அரசு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருடம். மகள் என்ற முறையில் அவள் தரும் பரிசாம் இந்த ஆறு நாள். வேலை இருப்பதால் பெங்களூரிலிருந்து சனிக்கிழமைதான் வருவாள். அதுவரை நான் தனியாக இருந்து "அனுபவிக்க" வேண்டுமாம்.

கட்டிலில் ஆறு தலையணை. ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்தை நாற்காலியில் அடுக்கினேன். கட்டியிருந்த புடவையைத் துவைத்துப் பால்கனியில் காயப்போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு பெண் வந்து, தாங்களே துவைத்துத் தருவதாக மிகவும் பணிவாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எப்போது வரும் என்று கேட்க மறந்துவிட்டேன்.

மாலை

ஒன்று புரியவில்லை. வரவேற்பறையில் ஆதார் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண், பதிவு மூன்று பேருக்கு, மூன்று அறை என்றாள். நானும் ஆதிரையும் சேர்ந்து இரண்டுதானே? மூன்றாவது ஆள் நாளைக்கே வருகிறாராம். பெயர் கேட்டேன். பிரெஞ்சுப் பெயர்போல ஏதோ சொன்னாள்.

ஆதிரைக்குப் போன் செய்தேன். முதலில் பயணம் எப்படி என்று கேட்டுப் பேச்சை மாற்றினாள். பிறகு, "நாளைக்கு நீயே பாத்துருவம்மா. சனிக்கிழமை வந்து எல்லாம் பேசறேன்" என்றாள்.

மாப்பிள்ளையாக இருக்கும். அடுத்த மாதம் அவளுக்கு முப்பது முடிகிறது. நான் வரன் பேச்சு எடுத்தாலே அறையை விட்டு எழுந்து போகிறவள். வெள்ளைக்காரனையே பிடித்திருக்கிறாள் போல. யாராக இருந்தால் என்ன, நல்லவனாக இருந்தால் சரி. நல்ல புடவை ஒன்றுதான் கொண்டுவந்தேன். அதைத்தான் துவைக்க எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

செப்டம்பர் 10, புதன். காலை

மாப்பிள்ளை இல்லை.

முற்றத்தில்தான் காலைச் சாப்பாடு. பரிமாறுகிறவர் அந்துவான் என்று ஐம்பத்தைந்து வயதுக்காரர். இட்லியும் உண்டு, பிறை வடிவத்தில் ஒரு ரொட்டியும் உண்டு என்றார். ரொட்டி வாங்கினேன். தொட்டதும் உதிர்ந்தது. மடியெல்லாம் துகள். அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த மேசையில் ஒரு பெண் அவரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். காதளவு வெட்டிய நரைமுடி, கண்ணாடி, வெளுத்த நீலச் சட்டை. என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா" என்றாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். காப்பி அப்படியே இருக்கிறது.

இப்போது அறையில் இருக்கிறேன். கதவைச் சாத்தியிருக்கிறேன். பூரணி என் தங்கை. என்னைவிட ஒன்பது வயது இளையவள். தொண்ணூற்றாறு மார்ச்சில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரிக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பினோம். வரவேற்பறையில் சொன்னது அவர் பெயராக இருக்கும். போனவள் போனவள்தான். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு கடிதம் உண்டா? அம்மா இறந்ததற்குக்கூட வரவில்லை.

அவளை ஆதிரைக்கு எப்படித் தெரியும்? பிரான்சில் ஒரு சித்தி இருக்கிறாள் என்று தெரியும், அவ்வளவுதான். வீட்டில் அவள் போட்டோகூடக் கிடையாது. நான் வைக்கவில்லை.

மதியம்

அந்துவான் கதவைத் தட்டி, ஒரு தட்டில் இரண்டு இட்லியும் புதுக் காப்பியும் கொண்டுவந்து வைத்தார். ஏழாம் அறை மேடம் கொடுக்கச் சொன்னார்களாம். நான் காலையில் காப்பி குடிக்காவிட்டால் தலைவலி வரும் என்று சொன்னார்களாம்.

குடித்தேன். சூடாக இருந்தது.

ஆதிரை போனை எடுக்கவில்லை. நான்கு முறை அடித்தேன். "மீட்டிங்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது.

செப்டம்பர் 11, வியாழன். மாலை

கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை நேரம் இருப்பது? காலையில் இறங்கிப் போனேன். பூரணி முற்றத்தில் காத்திருந்தாள். கடற்கரைச் சாலையில் நடக்கலாமா என்றாள். நடந்தோம். வெயில் ஏறுவதற்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டு தடவை.

சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் துலூஸ் என்ற ஊரைப் பற்றிப் பேசினாள். முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டி, துணி மாற்றி, மருந்து கொடுக்கிற வேலை. மகன் ஒருவன், சமையல் படிக்கிறான். புருஷன் மூன்று வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். நல்ல மனிதராம். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் என்று சொன்னேன். தெரியும் என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவைப் பற்றிக் கேட்டாள். கடைசியில் கஷ்டப்பட்டார்களா என்று. இல்லை, தூக்கத்தில் என்றேன். எந்த மாதம் என்றாள். அப்போதுதான் உறைத்தது, அவளுக்கு மாதம்கூடத் தெரியாது. யார் சொன்னது அவளுக்கு? நாங்கள் சொல்லவில்லை. நேற்று எழுதியதை அடிக்க வேண்டும். அடித்தால் பக்கம் அசிங்கமாகும். இருக்கட்டும்.

கடிதமும் ஒன்றிரண்டு வந்தது உண்மைதான்.

ஆதிரையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிடுங்கிக்கொண்டு போக வந்தவள் கேட்கத்தானே வேண்டும்? எதற்கு வந்தாய் என்று நான்தான் கேட்டேன்.

"ஆதிரை கூப்பிட்டா. வந்தேன்."

அதற்குமேல் கேட்டால், சனிக்கிழமை வரட்டும் என்கிறாள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்.

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

ஆதிரையைப் பெற்றவள் பூரணி. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. குழந்தைக்குத் தகப்பன் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. அப்பா அடித்தார். நானும் ஒருமுறை அடித்தேன். எனக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருடம், வயிறு திறக்கவில்லை. சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் அவளோடு நான் இருந்தேன். ஊரில் எனக்குப் பிரசவம் என்று சொல்லி வைத்திருந்தோம். குழந்தையோடு நான் வந்தேன். அவளை ஐந்து மாதத்தில் கட்டிக்கொடுத்தோம். எல்லோருக்கும் நல்லது என்றுதான் செய்தோம். அவளும் சம்மதித்தாள். சம்மதித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அழவில்லை.

துவைத்த புடவை காகிதத்தில் சுற்றி வந்துவிட்டது. ஊதா நாடா கட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி. காலை

ஆதிரைக்கு எவ்வளவு தெரியும்?

மாலை

எல்லாம் தெரியும்.

மதியம் பூரணி என் அறைக்கு வந்தாள். நாற்காலியில் தலையணைகள் இருந்ததால் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கே மனசு கேட்கவில்லை போல. நாளைக்கு ஆதிரை வந்து திடீரென்று சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று பயந்து, முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், கடலூரில் என் வீட்டுக்காரருக்கு அவசர ஆபரேஷன். ரத்தம் வேண்டும் என்றார்கள். அவர் ஓ பாசிட்டிவ். ஆதிரை பி. நான் ஓ. வீட்டில் நான் எப்போதும் என்னை பி என்றுதான் சொல்லிவந்தேன். ஓ தாய்க்கும் ஓ தகப்பனுக்கும் பி பிள்ளை பிறக்காது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் படித்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? கூடத்தில் இப்படிப் பொருந்தாத சீட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அவரைப் போகவிட முடியுமா? நான் படுத்துக் கையை நீட்டினேன். ரத்த வகை எழுதித் தந்த அட்டையைப் பைக்குள் மறைத்துவிட்டேன். ஆனால் ஆதிரை அந்த ரத்தப் பையைத் தன் கையால் ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அதன்மேல் என் பெயரும் ஓ என்ற எழுத்தும் இருந்திருக்கிறது.

அவர் பிழைக்கவில்லை. அன்றைக்கு ஆதிரை என்னைக் கட்டிக்கொண்டு அழுததும், பத்து நாள் என் பக்கத்திலேயே படுத்ததும் அதைத் தெரிந்துகொண்டபிறகுதான். இந்த ஆறு வருடமும் தெரிந்தேதான் என்னை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

பிறகு, தான் பிறந்ததாக நான் சொல்லிவந்த சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்திருக்கிறாள். பிரசவம் பூரணிக்கு என்று பழைய பதிவேட்டில் இருந்திருக்கிறது. இணையத்தில் தேடி பூரணியைப் பிடித்திருக்கிறாள். நான்கு வருடமாக இருவரும் மாதம் ஒருமுறை பேசுகிறார்கள். அம்மாவுக்குப் பணி ஓய்வு வரட்டும், அதுவரை எதுவும் தெரியவேண்டாம் என்று ஆதிரைதான் சொன்னாளாம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கடிதங்களைப் பற்றி அவளிடம் சொன்னாயா என்று.

பூரணி இல்லை என்று தலையை ஆட்டினாள். "ஏன் என்னைத் தேடலன்னு மொதல் நாளே கேட்டா. எனக்கு வேற குடும்பம் ஆயிருச்சு, தேடணும்னு தோணலன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"அவளுக்கு அம்மான்னா நீதான் அக்கா. உன்னையும் இல்லன்னு ஆக்கிட்டு நான் என்னத்தக் கொடுக்கப் போறேன்?"

ஒன்றிரண்டு கடிதம் இல்லை. பதினொன்று. தொண்ணூற்றாறிலிருந்து இரண்டாயிரத்து மூன்றுவரை. ஏழாவதில், கணவரிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகவும், அவர் ஒப்புக்கொண்டதாகவும், குழந்தையை அழைத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டிருந்தாள். எட்டாவதில், வேண்டாம், ஒரு போட்டோ மட்டும் போதும் என்றாள். ஒவ்வொன்றையும் பின்கட்டு வெந்நீர் அடுப்பில் போட்டேன். என் வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை. எதற்கும் பதில் போடவில்லை. ஆதிரை அப்போது பக்கத்தில் நின்று "என்னம்மா எரியுது" என்று கேட்டிருக்கிறாள். ஒரு தடவை.

செப்டம்பர் 13, சனி. காலை

பத்தரைக்கு வருகிறாள். வரவேற்பறையில் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மூன்றாம் தடவை கேட்காமலே அந்தப் பெண், இன்னும் வரவில்லை மேடம் என்றாள்.

இனி நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. பூரணி சொல்லமாட்டாள். சொல்லமாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். நான் சும்மா இருந்தால் போதும். பிறகு ஏன் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை?

மாலை

ஆதிரை வந்தாள். இளைத்திருக்கிறாள். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு, "தெரிஞ்சுருச்சாம்மா" என்றாள். தெரிந்துவிட்டது என்றேன். பிறகு பூரணியோடு கைகுலுக்கினாள். கைகுலுக்கினாள்! நான்கு வருடம் பேசியவர்கள், முதல்முறை நேரில் பார்க்கிறார்கள். பூரணி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து உடனே விட்டுவிட்டாள்.

மூன்று பேரும் முற்றத்தில் சாப்பிட்டோம். மீன், கூட ஏதோ வெள்ளைக் குழம்பு. ஆதிரை எனக்கு முள் எடுத்துக் கொடுத்தாள். பூரணியை நீங்க, வாங்க என்றுதான் பேசினாள். கோபம் இல்லை. வங்கியில் பேசுகிற மாதிரி இருந்தது. கடைசியில் கை துடைத்துவிட்டு, தயார் செய்துகொண்டு வந்ததுபோல ஒன்று சொன்னாள்.

"நான் யாரையும் கேள்வி கேக்க உங்களக் கூப்பிடல. அம்மா இனிமே பயந்துகிட்டு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்க தேடல. அது உங்க முடிவு. எனக்கு அதுல வருத்தம் இருந்துச்சு, இப்ப இல்ல."

பூரணி சரி என்றாள். கத்தியால் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். ரொட்டி முழுக்கத் தடவி முடித்தபிறகும் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது பேசவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன். ஆதிரை என் தட்டில் இன்னொரு மீன்துண்டு வைத்தாள். அதைச் சாப்பிட்டேன். அறைக்கு வந்து படுத்தேன். அரைமணி நேரம் விசிறியைப் பார்த்தேன். பூரணி இப்போது ஏழாம் அறையில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு இருபத்தொரு வயதில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாயை மூடச் சொன்னோம். இப்போதும் மூடிக்கொண்டிருக்கிறாள்.

நாலு மணிக்கு ஆதிரையின் அறைக்குப் போனேன். மடிக்கணினி திறந்திருந்தது. உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே சொன்னேன். பதினோரு கடிதம். ஏழாவதில் உன்னைக் கேட்டாள். எல்லாவற்றையும் நான் எரித்தேன். அவள் உன்னிடம் சொன்னது பொய், எனக்காகச் சொன்ன பொய்.

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. எனக்குப் புரியாத முகமாக இருந்தது. முப்பது வருடம் பார்த்த முகம்.

"ஏம்மா" என்றாள்.

உன்னைக் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் என்றேன். அதுதான் உண்மை. பூரணி கேட்டது நியாயம் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு கடிதம் வந்தால் கொடுத்துவிடுவேன் என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது. அதனால் எரித்தேன்.

"கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டுமா" என்றாள். வந்துவிட்டேன். சற்று முன்னால் அவள் ஏழாம் அறைப் பக்கம் நடந்து போனதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். கதவு திறந்தது. இன்னும் வெளியே வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு. காலை

ஆறரைக்குக் கீழே இறங்கினேன். முற்றத்தில் யாரும் இல்லை. அந்துவான் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மேடமும் விடிந்ததும் கடற்கரைக்குப் போனார்கள் என்றார். எனக்குத் தனியாக ஒரு காப்பி கொண்டுவந்தார். என்ன சேதி என்று அவர் கேட்கவில்லை. எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

பையைக் கட்டிவிட்டேன். பதினொன்றுக்குக் காலி செய்ய வேண்டும். விருத்தாசலம் போகும் பேருந்துக்கு நேரம் விசாரித்துக்கொண்டேன். ஆதிரை என்னோடு வருவாளா, பூரணியோடு போவாளா, தனியாக பெங்களூர் போவாளா, ஒன்றும் தெரியவில்லை. எதைச் செய்தாலும் சரி என்று எழுத நினைக்கிறேன். சரியில்லை. எனக்கு அவள் வேண்டும்.

மதியம். இன்னும் ஓட்டலில்தான்

எட்டரைக்கு இருவரும் வந்தார்கள். இரண்டு பேர் உடையும் முழங்கால்வரை ஈரம். ஆதிரையின் கண் வீங்கியிருந்தது. என் எதிரில் உட்கார்ந்தாள். பூரணி அவள் பக்கத்தில். நான் பேருந்து நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆதிரை குறுக்கே பேசினாள்.

"எரிக்கிறதுக்கு முன்னாடி படிச்சியா?"

"படிச்சேன்."

"பதினொண்ணையும்?"

"பதினொண்ணையும். ஒண்ணொண்ணும் ரெண்டு தடவ."

அவள் பூரணியைப் பார்த்தாள். பூரணி, "எனக்கு எதுல என்ன எழுதினேன்னே ஞாபகம் இல்லக்கா. ஏழாவது மட்டும்தான் தெரியும்" என்றாள்.

ஆதிரை திரும்பவும் என்னைக் கேட்டாள். "உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். இல்லை என்று சொல்லக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் இருக்கிறது. எந்தக் கடிதத்தில் மை கசிந்திருந்தது என்பதுகூட இருக்கிறது.

"எழுது" என்றாள். "உன்ன மன்னிச்சுட்டேன்னு சொல்லல. எனக்கே இன்னும் தெரியல. நீ மொதல்ல எழுது."

வரவேற்பறைக்குப் போய் இன்னும் இரண்டு நாள் நீட்டித்துவிட்டு, தாளும் பேனாவும் வாங்கிவந்தாள். தாளின் தலைப்பில் மாளிகையின் படம். காலைச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தோம். அந்துவான் தட்டுகளை எடுத்துவிட்டு, விரிப்பை மட்டும் அப்படியே விட்டார். தேதியிலிருந்து ஆரம்பித்தேன். இங்கேயும் பதிந்துவைக்கிறேன், தவறு இருந்தால் பிறகு திருத்தலாம்.

"12.5.1996. அன்புள்ள அக்காவுக்கு, பூரணி எழுதுவது. நான் நலம். இங்கே மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கிறது. கடைக்குப் போனால் வாயைத் திறக்காமல் கையைக் காட்டி வாங்குகிறேன். பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிந்திருக்கும். பல் முளைக்கிற நேரம், எதை எடுத்தாலும் கடிப்பாள், வளையலைக் கழற்றிவிட்டுத் தூக்கு. இடது காதுக்குப் பின்னால் பால் வழிந்து புண் ஆகும், குளிப்பாட்டும்போது பார்த்துத் துடை. நீ துடைப்பாய், எனக்குத் தெரியும். சும்மா எழுதுகிறேன். என் பெயரை அவளிடம் சொல்ல வேண்டாம். ஒருத்தி விசாரித்தாள் என்று மட்டும் சொல்."

பூரணி முகத்தைத் திருப்பி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிரை தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அவள் கை தானாக இடது காதுக்குப் பின்னால் போனது.

பிறகு இன்னொரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அடுத்ததும்மா" என்றாள்.